ஆற்றில் ஏறிப்போன படகு

படகு என்றால் ஆற்றோடு இறங்கும், இல்லாவிட்டால் அக்கரைக்குக் கடக்கும். ஆற்றை எதிர்த்து மலைக்குள் ஏறிய படகு ஒன்று 1977இல் நம் நாட்டுக்கு வந்தது. ஓடியது கங்கையில்தான். ஆனாலும் அதன் கதை தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அம்பாசமுத்திரத்துக்கு மேலே கோடையில் பார்த்தால் முழங்கால் தண்ணீர், அடியில் பாறையும் கூழாங்கல்லும். இப்படிப்பட்ட ஆறுகளுக்காகவே பிறந்த படகு அது.

பிறந்த இடம் நியூசிலாந்தின் தென்தீவில், ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப்பண்ணை. பண்ணைக்காரர் பில் ஹாமில்டன் கல்லூரியில் பொறியியல் படித்தவரில்லை. பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டு கற்றவர். அந்தப் பக்கத்து ஆறுகள் பனிமலையிலிருந்து விறுவிறுவென்று இறங்கும், ஆழம் கிடையாது. சாதாரண விசைப்படகை விட்டால் முதல் கல்லிலேயே புரொப்பெல்லர் போய்விடும். 1954 வாக்கில் அவர் அந்த புரொப்பெல்லரையே எடுத்தெறிந்தார். படகின் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சும் இயந்திரத்தை உள்ளே பொருத்தினார். நம்மூர் பம்புசெட்டைத் தூக்கிப் படகுக்குள் வைத்த மாதிரிதான். பீய்ச்சும் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தவரை படகு மந்தமாகப் போயிற்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அதை உயர்த்தியதும் பாய்ந்தது. சுக்கான் கிடையாது, பீய்ச்சும் வாயைத் திருப்பினால் படகு திரும்பும். வேகம் பிடித்துவிட்டால் சாண் ஆழமே போதும். இதைத் தான் கண்டுபிடிக்கவில்லை, பெருமை ஆர்க்கிமிடீசுக்கே என்று சொல்லிவந்தார் ஹாமில்டன். அதில் பாதி அடக்கம், பாதி உண்மை.

ஆட்டுப்பண்ணைப் படகு உலகத்தின் கண்ணில் பட்டது 1960இல், அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில். கிராண்ட் கேன்யான் பள்ளத்தாக்குக்குள் மட்டும் அந்த ஆறு ஏறத்தாழ 446 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே வெள்ளை நுரையாகச் சீறும் நீர்ச்சரிவுகள். 1869இல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஒற்றைக்கைப் படைவீரர் உட்படப் பத்துப் பேர் நான்கு மரப்படகுகளில் இந்தப் பள்ளத்தாக்கைக் கடக்கப் புறப்பட்டார்கள். கடைசிவரை வந்தவர்கள் ஆறே பேர். அதற்குப் பிறகு போனவர்களும் இறங்கித்தான் போனார்கள். பில் ஹாமில்டனின் மகன் ஜான் ஹாமில்டனும் கூட்டாளிகளும் ஏறப் பார்த்தார்கள். முதலில் கீழே இறங்கி, வழிநெடுகப் பெட்ரோலைச் சேர்த்துவைத்துவிட்டு, திரும்பி ஆற்றை எதிர்த்தார்கள். ஒரு படகை ஆறு விழுங்கியது, மற்றவை மேலே போய்ச் சேர்ந்தன. மூன்றே ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் கிளென் கேன்யான் அணை ஆற்றை மறித்தது. எதிரேறிப் போவதற்குப் பின்னால் தடையும் வந்தது.

கங்கைக்கு இந்தப் படகைக் கொண்டுவந்தவர் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி. அப்போது அவருக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் காட்மாண்டு விமான விபத்தில் மனைவியையும் கடைசி மகளையும் பறிகொடுத்திருந்தார். கடலிலிருந்து வானத்துக்கு என்பது பயணத்தின் பெயர். கங்காசாகரில் 1977 ஆகஸ்டில் மூன்று படகுகள் புறப்பட்டன: கங்கா, கிவி, ஏர் இந்தியா. ஓட்டியவர்களில் அதே ஜான் ஹாமில்டனும் இருந்தார். 1965இல் இந்தியர்களை எவரெஸ்டுக்கு அழைத்துச் சென்ற மோகன் கோலியும் குழுவில் இருந்தார்.

சாகசம் என்று நினைத்து வந்தவர்களை மக்கள் யாத்ரீகர்களாக்கிவிட்டார்கள். படித்துறைக்குப் படித்துறை பூசை, மாலை, கூட்டம். சமவெளியில் இது ஊர்வலம். ரிஷிகேசத்துக்கு மேலேதான் ஆறு தன் முகத்தைக் காட்டியது. தேவபிரயாகையைத் தாண்டி அலகநந்தாவில் பாறையிடுக்குகளில் படகுகள் ஒவ்வொரு சரிவாக முட்டி ஏறின. செப்டம்பர் முடிவில், நந்தபிரயாகை அருகே குறுக்கே நின்றது ஓர் அருவி. உயரம் சுமார் பத்தடி. நம் அகத்தியர் அருவியின் பக்கத்தில் வைத்தால் குழந்தை. ஆனால் அத்தனை குதிரைத்திறனும் அதன் முன்னால் தோற்றது. படகுகளை விட்டுவிட்டு மேலே போனார்கள். மலைமேல் மூச்சுத்திணறி விழுந்த ஹிலாரியை ஹெலிகாப்டர்தான் கீழே கொண்டுவந்தது.

இன்று அந்த வழியே யாரும் ஏற முடியாது. தேவபிரயாகைக்கும் ருத்திரபிரயாகைக்கும் நடுவே 330 மெகாவாட் ஸ்ரீநகர் நீர்மின் திட்டத்தின் அணை நிற்கிறது.

தாமிரபரணியில் இந்தக் கதவு எப்போதோ அடைபட்டுவிட்டது. புன்னைக்காயலில் படகை இறக்கினால் ஸ்ரீவைகுண்டத்தில் முதல் அணைக்கட்டு, அடுத்து மருதூர். இப்படி எட்டு. இடையில் அமலைச்செடி வேறு: தண்ணீரை உறிஞ்சும் படகுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. எல்லாம் தாண்டினாலும் பாபநாசத்துக்கு மேலே வெள்ளைக்காரர் காலத்துக் காரையார் அணை, 143 அடி. அதன் நீர்த்தேக்கத்தில்தான் பாணதீர்த்த அருவி விழுகிறது. அதற்கும் மேலே, ஆறு பிறக்கும் பூங்குளம்வரை புலிகள் காப்பகம்.

மலையேறும் படகு, சாகசச் சுற்றுலா என்ற பேச்சு எந்த ஆற்றுக்கும் ஒருநாள் வரும். பொதிகை மடுக்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால் படகே வேண்டாம் என்று சொல்லவில்லை. காரையார் தேக்கத்துக்கு அப்பால் இஞ்சிக்குழியில் காணிக்காரப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். ரேஷனோ ஆஸ்பத்திரியோ, எதற்கும் அவர்கள் தேக்கத்தைக் கடக்கவேண்டும், இல்லையென்றால் காட்டுவழியே நடக்கவேண்டும். நூறு வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டிக்கு முதியோர் பணம் கொடுக்கத் தபால்காரர் ஒருவர் அங்கே போய்வந்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். ஹாமில்டனின் படகும் சாகசத்துக்காகப் பிறக்கவில்லை, ஆற்றில் போய்வர வழியில்லாத ஒரு பண்ணைக்காரரின் தேவையில் பிறந்தது. தாமிரபரணியில் படகுக்கென்று அரசு காசு ஒதுக்கினால், முதல் படகு இஞ்சிக்குழிக்குப் போகட்டும்.