லீ பிராக்கெட்

லீ பிராக்கெட் (1915–1978) அமெரிக்க நாவலாசிரியர், திரைக்கதை ஆசிரியர். அறிவியல் புனைகதை, துப்பறியும் கதை, கௌபாய் கதை என மூன்று துறைகளிலும் தேர்ந்தவர். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் ஐந்து படங்களில் அவர் பெயர் உண்டு.

லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த பிராக்கெட்டின் முதல் கதை 1940இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்தது. செவ்வாய், வெள்ளி கிரகங்களில் நடக்கும் சாகசக் கதைகளை மலிவு விலை இதழ்களுக்கு எழுதிவந்தவர், 1944இல் ‘நோ குட் ஃப்ரம் எ கார்ப்ஸ்’ என்ற துப்பறியும் நாவலை வெளியிட்டார். அதன் உரையாடல்களில் ஹாக்ஸ் சொக்கிப்போனார். எழுதியவர் ஆண் என்றே எண்ணி, ‘தி பிக் ஸ்லீப்’ படத்துக்கு அழைத்துவரச் சொன்னார். வந்து நின்றவர் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுப் பெண். ஆனாலும் வேலை அவருக்கே கிடைத்தது. உடன் எழுதியவர் வில்லியம் ஃபாக்னர். படத்துக்கு மூலமான ரேமண்ட் சாண்ட்லரின் நாவலை அத்தியாயங்களாகப் பிரித்துக்கொண்டு இருவரும் தனித்தனியே எழுதினார்கள். அப்போது பிராக்கெட்டின் கையில் ஒரு குறுநாவல் பாதியில் நின்றிருந்தது. அதை நண்பர் ரே பிராட்பரியிடம் ஒப்படைத்தார். அவர் எழுதி முடிக்க, 1946இல் இருவர் பெயரிலும் வெளியானது.

அதே ஆண்டின் கடைசி நாளில் பிராக்கெட் அறிவியல் புனைகதை எழுத்தாளர் எட்மண்ட் ஹாமில்டனை மணந்தார். பின்னர் ஒஹையோ மாநிலத்தின் கின்ஸ்மன் ஊரில் குடியேறினார்கள். 1955இல் வந்த ‘தி லாங் டுமாரோ’ அவருடைய நாவல்களில் தலையாயது. அணுப்போருக்குப் பின் நகரங்களையே சட்டம் தடைசெய்துவிட்ட அமெரிக்காவில், அறிவுத்தாகம் கொண்ட ஒரு சிறுவனின் கதை அது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஜூல்ஸ் ஃபர்த்மனுடன் எழுதிய ‘ரியோ பிராவோ’ (1959) கௌபாய் படங்களில் ஒரு சிகரம். குடிக்கு அடிமையான உதவியாளன், கால் ஊனமுற்ற கிழவர், ஓர் இளைஞன் ஆகியோரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஷெரிஃப் ஒருவர் சிறையைக் காக்கிறார். துப்பாக்கிச் சண்டையை விட, காத்திருக்கும் நேரத்தில் இவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சுதான் படத்துக்கு உயிர். ‘ஹட்டாரி’, ‘எல் டொராடோ’, ‘ரியோ லோபோ’ ஆகியவற்றிலும் ஹாக்ஸுடன் பணியாற்றினார்.

ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய ‘தி லாங் குட்பை’ (1973) அவரை மீண்டும் சாண்ட்லரிடம் அழைத்துவந்தது. கதையை 1970களுக்கு நகர்த்தி, தன்னை ஏமாற்றிய நண்பனைத் துப்பறிவாளர் மார்லோ சுட்டுக்கொல்வதாக முடித்தார். நாவலில் இல்லாத அந்த முடிவை யாரும் மாற்றக்கூடாது என்பதில் ஆல்ட்மன் உறுதியாக இருந்தார். பழைய வீரநாயகனை, அவனை உருவாக்கியவர்களில் ஒருவரே இத்தனை துணிவுடன் கலைத்துப்போட்டது அரிது.

கடைசியாக ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்துக்கு முதல் வரைவை எழுதி 1978 பிப்ரவரியில் கொடுத்தார்; மார்ச் 18 அன்று புற்றுநோயால் காலமானார். அந்த வரைவில் வில்லன் டார்த் வேடர் நாயகன் லூக்கின் தந்தை அல்ல. தந்தை ஆவியாகத் தனியே வருகிறார். ‘ஸ்டார் வார்ஸை’ உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸும் திரைக்கதை ஆசிரியர் லாரன்ஸ் காஸ்டனும் கதையை வெகுவாக மாற்றி எழுதினார்கள். 1980இல் படம் வெளியானபோது திரைக்கதை ஆசிரியர்களாக பிராக்கெட், காஸ்டன் இருவர் பெயரும் இடம்பெற்றன. மறு ஆண்டு படம் ஹியூகோ விருது பெற்றது.