பந்தயக் குதிரை நலக் கண்காணிப்பு: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

பந்தயக் குதிரை நலக் கண்காணிப்பு என்பது ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குதிரையின் உடல்நிலையைச் சோதித்து, ஓடத் தகாததை நிறுத்தி, வதையைத் தடுக்கும் பணி. சென்னை, பெங்களூரு, ஐதராபாத் போன்ற நகரங்களில் பந்தய மன்றங்களே இதற்கென மருத்துவர்களையும் ஓட்டத்தை மேற்பார்க்கும் ஸ்டூவர்டுகளையும் வைத்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற பந்தய மன்றம் எதுவும் கேரளத்தில் இல்லை. தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டப் பகுதிகளில் குதிரை ஓடுவது பெரும்பாலும் திருவிழாத் தெருவில். மலைப்பக்கம் வந்தால் சுமையோடும் சவாரியோடும் ஏறி இறங்குகிறது. அங்கெல்லாம் பொறுப்பு உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடமும் காவல் நிலையத்திடமும் வந்து சேர்கிறது. இவர்களின் அதிகாரம் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. குதிரையைப் பார்த்துப் பழகிய கண்தான் அரிது.

தத்தமங்கலமும் சுற்றுப்புறமும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள தத்தமங்கலத்தின் அங்காடி வேலா என்னும் திருவிழா, குதிரை ஓட்டத்துக்குப் பெயர் பெற்றது. கடைவீதியும் குடியிருப்பும் நிறைந்த ஊரின் சாலையே ஓடுபாதை. இருபுறமும் கூட்டம் நிற்க, நடுவில் விடப்படும் சந்தில் குதிரைகள் பாய்ந்து வரும். 2021 ஏப்ரலில், கொரோனாக் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது நடந்த ஓட்டம் நாடெங்கும் செய்தியானது. ஒரு குதிரை கட்டுக்கடங்காமல் போக, காவல்துறை தலையிட்டு வழக்குப் பதிந்தது. அன்று எல்லாரும் பேசியது நோய்த்தொற்றைப் பற்றி. கூட்டத்துக்குள் மிரண்ட குதிரையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் ஊர்களாகவே போகிறது. பொள்ளாச்சிச் சந்தையும் கோவைப் பக்கத்து ரேக்ளா வண்டிப் பந்தயப் பழக்கமும் இந்த ஊர்களுக்கு அந்நியமல்ல. எல்லைக் கோடு பந்தயக்காரர்களைப் பிரிப்பதில்லை, சட்டத்தைத்தான் பிரிக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் காளைகளை வைத்து நடத்தும் ஓட்டங்களுக்குத் தடை விதித்தபோது ஜல்லிக்கட்டோடு கேரளத்தின் மரமடி, காளப்பூட்டு என்னும் காளை ஓட்டங்களும் நின்றன. தமிழ்நாடு 2017இல் சட்டம் திருத்தியது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இவ்வளவு வாதமும் காளையைச் சுற்றியே நடந்தது. குதிரை அந்தத் தடைக்குள்ளும் வரவில்லை, அந்த விலக்குக்குள்ளும் வரவில்லை. வாடிவாசலுக்கு வரும் காளையை மருத்துவர் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி எழுதப்பட்டுவிட்டது. திருவிழாக் குதிரைக்கு அப்படி ஒன்று எழுதப்படவில்லை.

இடுக்கிப் பக்கம் கதை வேறு. போடி, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலமலைக்கு ஏறும் பழைய பாதைகளில் கோவேறு கழுதையும் மட்டக் குதிரையும்தான் நெடுங்காலம் சரக்கு வண்டி. தேனி மாவட்டத்தில் சாலை இல்லாத சில மலைக் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவுப் பொருள்கள் இன்றும் விலங்கின் முதுகில்தான் போகின்றன. மலைச் சுற்றுலாத் தலங்களில் சவாரிக் குதிரைகள் உண்டு. பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட குதிரைகள் பல, கடைசியில் இப்படிச் சவாரிக்கு வந்து சேர்வது இத்தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சட்டம் தரும் அதிகாரம்

அடிப்படை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் வழி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். வாரியத்தின் தலைமையகம் சென்னையில் பல பத்தாண்டுகள் இருந்து, 2018இல் அரியானாவுக்கு மாறியது. மக்கள் பார்க்கும்படி நடக்கும் குதிரை நிகழ்ச்சியில் பங்கேற்கும் விலங்கும் காட்சி விலங்கே என்று 2001ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. அதனால் வாரியத்தில் பதிவு வேண்டும். லாடம் அடிக்காத குதிரையைக் கடினமான தரையில் நடத்தக்கூடாது என்கின்றன அந்த விதிகள். சாட்டை பற்றி அவை சொல்வது இன்னும் நுணுக்கமானது: தோல் தடிக்காத, காற்று மெத்தை வைத்த சாட்டையாக இருக்க வேண்டும், உரிமம் பெற்ற ஜாக்கி மட்டுமே அதை எடுக்கலாம், கை தோளுக்கு மேல் போகக்கூடாது, ஓர் ஓட்டத்தில் மூன்று முறைக்கு மேல் அடிக்கக்கூடாது, வெற்றிக் கம்பத்தைத் தாண்டிய பின் அடிக்கவே கூடாது. தெருவோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும்.

தண்டனைப் பிரிவைப் படித்தாலும் அப்படித்தான். விலங்கை அடிப்பது, சக்திக்கு மீறி ஓட்டுவது, காயமோ நோயோ உள்ளதை வேலைக்கு இறக்குவது எல்லாம் 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றங்கள். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். 1960இல் அது ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்று சோதனைக்கு வரும் மருத்துவர் அதைச் சொல்லி யாரையும் மிரட்ட முடியாது. அதனால் அவருடைய உண்மையான பலம், ஓட்டத்துக்கு முன் 'இது ஓடாது' என்று சொல்லி நிறுத்துவதில்தான் இருக்கிறது. அப்படிச் சொல்ல, சொன்னதை உடைமையாளர் முன்னால் நிறுவ, தொழில் தெரிய வேண்டும்.

சுமை விலங்குகளுக்கு 1965ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக் குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ உச்ச வரம்பு. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலை கூடாது.

கண்ணும் காதும் விரலும்

தகுதிச் சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு ஸ்டெதாஸ்கோப், ஒரு வெப்பமானி, கைக்கடிகாரம் போதும். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் ஏறத்தாழ 37.5 முதல் 38.5 டிகிரி. நாடி பார்க்கும் இடம் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பு. அங்கே ஓடும் தமனியை இரண்டு விரலால் எலும்போடு சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும். மாடு பார்த்தே பழகியவரின் கை தன்னால் வாலடிக்குப் போகும். குதிரைக்குப் பின்னால் நின்று வாலைத் தூக்குவது உதை வாங்கும் வழி. அடுத்து உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுவார்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் உடலில் நீர் வற்றியிருக்கிறது, அல்லது இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது. விலாவில் காது வைத்தால் குடல் உறுமும் ஒலி கேட்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், அடைபட்ட குடல் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். வயிற்றுச் சூலையில் சாகும் குதிரைகள் ஏராளம். குடல் மௌனமாக இருக்கும் குதிரையை ஓடவிடுவது பெரும் பிழை.

உண்மையான தேர்வு நொண்டியைக் கண்டுபிடிப்பதில். கடிவாளக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, கெட்டியான சமதரையில் குதிரையை மெதுவோட்டத்தில் நேராகக் கூட்டிப் போகச் சொல்லி, மருத்துவர் முன்னும் பின்னும் நின்று பார்ப்பார். மெதுவோட்டத்தில் மூலைக்கு மூலை கால்கள் ஜோடி சேர்ந்து ஊன்றுவதால் 'டக், டக்' என்று இரண்டே தாளம் ஒழுங்காக விழ வேண்டும். ஒரு தட்டு மெலிந்து கேட்டால் அந்தக் கால் பாரத்தை ஏற்க மறுக்கிறது. முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பழகாதவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைச் சந்தேகிப்பார்கள். பின்னங்கால் நொண்டிக்குத் தலையை விட்டுவிட்டு இரு இடுப்பெலும்புகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். குளம்புக்கு மேலே கணுவில் துடிக்கும் நாடி அழுத்தமாக அடித்து, குளம்புச் சுவரும் சூடாக இருந்தால் உள்ளே அழற்சி. புதிதாக அடித்த லாடத்தின் ஆணி சதையை நெருங்கியிருக்கவும் கூடும்.

கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளையும் கவனிக்க வேண்டும். நொண்டும் குதிரையைக் கொண்டுவந்தவர் கயிற்றை முகத்தோடு இறுக்கிப் பிடிப்பார். தலை ஆடினால் தெரிந்துவிடுமே! பினைல்பூட்டசோன் போன்ற வலிமறைப்பு மருந்தைக் கொடுத்துக் காலையில் நிமிர்த்திக் கூட்டிவருவது அதைவிடத் தேர்ந்த வழி. பந்தய மன்றங்களில் வென்ற குதிரையின் சிறுநீரும் இரத்தமும் ஆய்வகத்துக்குப் போகும் என்பதால் அங்கே அச்சம் உண்டு. திருவிழாவில் அந்த அச்சமில்லை. எனவே காலை பத்து மணிக்கு ஒரு தடவை பார்த்துச் சான்று தருவது சடங்குதான். முதல் நாள் மாலை ஒரு முறை, ஓட்டத்துக்கு முன் ஒரு முறை, ஓடி முடித்ததும் ஒரு முறை என்று பார்ப்பவரிடமே ஏமாற்று பிடிபடும்.

ஓட்டம் முடிந்த பின் பார்ப்பதை இங்கே பலர் வேலையாகவே நினைப்பதில்லை. நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் உலகெங்கும் ஒரு நடைமுறை உண்டு: நிறுத்தத்துக்கு வந்த குதிரையின் நாடி, குறித்த நேரத்துக்குள் 64க்கு இறங்காவிட்டால் அது வெளியே. பணச்செலவே இல்லாத இந்த முறையை எந்த ஊர் விழாவிலும் வைத்துக்கொள்ளலாம்.

வெயிலும் தாரும்

வேலாக்களின் காலம் கோடை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்றில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. கடுமையாக ஓடும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வியர்வை சிந்தக்கூடியது. வியர்வையோடு உப்பும் போகிறது. ஓடி நின்ற குதிரையின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. ஆய்வுகள் சொல்வது நேர்மாறு: உடலெங்கும் நிறைய நீரை நிறுத்தாமல் ஊற்றுவதே வெப்பத்தை இறக்க விரைவான வழி. குடிநீரையும் மறுக்கக்கூடாது.

தார்ச்சாலை இன்னொரு சிக்கல். நாலுகால் பாய்ச்சலில் ஒரு கணம் உடல் பாரம் முழுவதும் ஒரே முன்னங்காலின் மேல் வந்து, எடையின் இரண்டரை மடங்கு வரை அழுத்தும். 450 கிலோக் குதிரைக்கு அது ஒரு டன்னுக்கு மேல். புல்தரை அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், தார் வாங்காது. லாடம் வழுக்கும், திருப்பத்தில் குதிரை சாயும், பக்கத்தில் வேலி இல்லாமல் மனிதர்கள். தெருவில் மணலோ மண்ணோ கொட்டிப் பரப்பச் சொல்வதும், முடிவுக் கோட்டுக்குப் பின் குதிரை வேகம் குறைக்கப் போதிய நீளம் விடச் சொல்வதும் அலுவலரின் கையில் உள்ளவை. விபத்துகள் பல முடிவுக் கோட்டைத் தாண்டித்தான் காத்திருக்கின்றன.

சோதனைச் சாவடிகள்

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், தெற்கே கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய வழிகளில் கேரளக் கால்நடைத் துறையின் சாவடிகள் அமைந்தன. அவற்றின் முதன்மை வேலை இறைச்சிக்கும் வளர்ப்புக்கும் போகும் மாடுகளைச் சோதிப்பது. குதிரை ஏற்றிய வண்டி வருவது அபூர்வம். வந்தால் முதலில் அஞ்ச வேண்டியது கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய். மூக்கில் சீழ், தோலில் வரிசையாக உடையும் கட்டிகள் இதன் அடையாளம். மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். நோய் உறுதியான குதிரைக்குச் சிகிச்சை கிடையாது, கருணைக்கொலைதான். உறுதி செய்யும் இரத்தச் சோதனைக்குத் தலைமை ஆய்வகம் அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். திருவிழாவுக்கு முந்தின நாள் மாதிரி எடுத்து அனுப்பினால் பயனில்லை. வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியும் அப்படியே. குளம்பில் ஆணி குத்திய குதிரை அந்நோய்க்கு எளிதில் இரையாகும்.

பயிற்சி எங்கே கிடைக்கிறது

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடும் எருமையும் சேர்ந்து 30 கோடிக்கு மேல். குதிரையும் மட்டக் குதிரையும் 3.4 லட்சம், அதுவும் ஏழாண்டுகளில் 45 விழுக்காடு சரிந்து. ஒரு குதிரைக்கு ஏறத்தாழ 900 மாடுகள். மண்ணுத்தியிலோ சென்னை வேப்பேரியிலோ படித்து வெளிவரும் மருத்துவர் சித்தூரிலோ உத்தமபாளையத்திலோ பணியில் அமர்ந்தால், ஆண்டு முழுவதும் கறவை மாட்டின் மடிநோயும் கன்று ஈனும் சிக்கலும்தான் பார்ப்பார். பாடத்தில் படித்த குதிரை, கைக்கு வராமலே மறந்துபோகும். குதிரையை நாள்தோறும் கையாளும் மருத்துவர்கள் ராணுவத்தின் கால்நடைப் பிரிவிலும் காவல்துறைக் குதிரைப்படையிலும் பந்தய மன்றங்களிலும்தான் உள்ளனர்.

தென்னகத்தில் அந்தக் களமும் சுருங்குகிறது. 1777 முதல் குதிரை ஓடிய சென்னைக் கிண்டிப் பந்தயத் திடலின் நிலத்துக்கு 1946இல் 99 ஆண்டுக் குத்தகை போடப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதை ரத்து செய்து இடத்தை எடுத்துக்கொண்டது, வழக்கும் தொடர்ந்தது. உதகைப் பந்தயத் திடல் அதே ஆண்டு ஜூனிலேயே அரசிடம் போயிருந்தது. அந்த நிலங்கள் பூங்காவாவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பாலக்காட்டு மருத்துவர் ஒருவர் ஒரு பருவம் போய் நின்று கற்றுவரக்கூடிய மிக அருகான லாயங்கள் உதகையில்தான் இருந்தன. எல்லை ஊர்களில் எஞ்சியிருப்பவர்கள் லாடக்காரர்களும் பரம்பரைக் குதிரைக்காரர்களும். பல்லைப் பார்த்து வயது சொல்வதிலும், நடையைக் கேட்டே எந்தக் கால் என்று சொல்வதிலும் பட்டம் பெற்றவர்களை இவர்கள் மிஞ்சுவார்கள். மருந்து அளவும் தொற்றுநோயும் இவர்களுக்கு எட்டாதவை. சோதனைக் குழுவில் ஒரு லாடக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவர் தன் வேலையைப் பாதியாக்கிக்கொள்கிறார்.

விழுந்த குதிரை

ஓட்டத்தில் கால் எலும்பு சிதறிய குதிரை பெரும்பாலும் பிழைப்பதில்லை. மூன்று காலில் மாதக்கணக்கில் நிற்க அதன் உடலமைப்பு இடம் தராது. நல்ல காலின் குளம்பும் பாரத்தால் கெட்டுவிடும். அப்போது 1960 சட்டத்தின் 13ஆம் பிரிவு வருகிறது. உடைமையாளர் இல்லாவிட்டாலோ இசைய மறுத்தாலோ, தலைமைக் காவலரோ அதற்கு மேற்பட்டவரோ கால்நடை மருத்துவரை வரவழைக்கலாம். மீளாக் காயம், வைத்திருப்பது கொடுமை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், நீதித்துறை நடுவரின் ஆணை பெற்று உயிரை முடிக்கலாம். திருவிழா நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிட்டால் ஆணைக்கு யாரைத் தேடுவது, மயக்க மருந்து யாரிடம் இருக்கிறது, கூட்டத்தை விலக்கித் திரை கட்டுவது யார், அரை டன் உடலை எந்த வண்டியில் ஏற்றி எங்கே புதைப்பது என்பவற்றை முதல் நாள் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பந்தய மன்றங்களில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின்னாலேயே குதிரை ஆம்புலன்ஸ் போவது இதற்காகத்தான்.