நீதிமன்ற ஏடுகளே சாட்சியாக

1985-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பிரேசில் நாட்டுப் புத்தகக் கடைகளில் ஒரு நூல் விற்பனைக்கு வந்தது. விளம்பரம் எதுவும் இல்லை. தொகுத்தவர்களின் பெயர்களும் இல்லை. 'பிரேசில்: இனி ஒருபோதும் வேண்டாம்' என்பது அதன் தலைப்பின் பொருள். பிரான்சிஸ்கன் சபையினரின் வோசஸ் பதிப்பகம் அதனை வெளியிட்டது. முன்னுரை எழுதியவர் சாவோ பாவுலோ பேராயர் கர்தினால் பவுலோ எவரிஸ்தோ ஆர்ன்ஸ். 21 ஆண்டுகள் நாட்டை ஆண்ட இராணுவ அரசு தன் குடிமக்களுக்கு இழைத்த கொடுமைகளை அந்நூல் எடுத்துரைத்தது. அதற்கு ஆதாரமாக அமைந்தவை, அந்த அரசின் இராணுவ நீதிமன்றங்களே எழுதி வைத்திருந்த வழக்கு ஏடுகள்.

1964-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, பொதுவுடைமை அபாயம் நீங்கியது என்று நிம்மதியுற்றோரில் ஆயர்கள் பலரும் இருந்தனர். இதனை மறைப்பது வரலாற்றுக்கும் திருச்சபைக்கும் நேர்மையாகாது. ஆனால் காலம் அவர்களின் கண்களைத் திறந்தது. 1968 டிசம்பர் 13 அன்று பிறப்பிக்கப்பட்ட ஐந்தாம் ஆணை, அரசியல் குற்றம் சாட்டப்பட்டோருக்கு ஆட்கொணர்வு மனு என்னும் பாதுகாப்பை நீக்கியது. மகன் எங்கே என்று தாய் கேட்டால், பதில் சொல்லும் கடமை அரசுக்கு இல்லாமற்போயிற்று. அடுத்த ஆண்டே தொமினிக்கன் துறவியர் சிலர் கைதாகிச் சித்திரவதைக்கு ஆளாயினர். மனிதரின் உடலையும் உள்ளத்தையும் வதைப்பது படைத்தவரையே இழிவுபடுத்துவது என்று 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏடு 1965-இல் கற்பித்தது வெறும் ஏட்டுப் போதனை அன்று என்பதை பிரேசில் திருச்சபை தன் பிள்ளைகளின் காயங்களில் கண்டது.

1970-இல் சாவோ பாவுலோவின் பேராயரான ஆர்ன்ஸ், சிறைக்கூடங்களுக்கு நேரில் சென்றார். 1972-இல் தம் மறைமாவட்டத்தில் நீதி அமைதிக் குழுவை நிறுவி, வழக்கறிஞர்களை ஏழைகளுக்கும் கைதிகளின் குடும்பங்களுக்கும் துணைநிற்கச் செய்தார். 1975 அக்டோபர் 25 அன்று, விசாரணைக்குத் தாமாகவே சென்ற விளாடிமிர் ஹெர்சோக் என்னும் யூதப் பத்திரிகையாளர் இராணுவக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. ஆறு நாள்கள் கழித்துப் பேராலயத்தில் கர்தினாலும், யூத ரபி ஹென்றி சோபெலும், பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜைமி ரைட்டும் ஒன்றாக நின்று அவருக்காக இறைவேண்டல் செய்தனர். ஏறத்தாழ 8,000 பேர் அச்சத்தை மீறித் திரண்டனர். ஹெர்சோக்கின் மனைவி தொடுத்த வழக்கில், அவரது மரணத்திற்கு அரசே பொறுப்பு என்று 1978-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1979 ஆகஸ்டில் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. சிறைப்பட்டோர் விடுதலையாயினர், நாடு கடத்தப்பட்டோர் திரும்பினர். அதே சட்டம் சித்திரவதை செய்தோருக்கும் கேடயமாக அமைந்தது. ஆட்சி மாறினால் வழக்கு ஏடுகள் அழிக்கப்படுமோ என்ற அச்சமும் எழுந்தது. அது வீண் அச்சமன்று. அடிமை முறை ஒழிந்த பின், 1890-இல் அடிமைகள் பற்றிய கருவூலப் பதிவேடுகளை எரிக்க ஆணையிட்ட வரலாறு அந்நாட்டுக்கு உண்டு.

அப்போது சில வழக்கறிஞர்கள் ஒரு வழியைக் கண்டனர். மன்னிப்பு மனுக்களைத் தயாரிப்பதற்காகப் பிரசிலியாவில் உள்ள உயர் இராணுவ நீதிமன்றத்திலிருந்து வழக்குக் கட்டுகளை 24 மணி நேரம் வெளியே எடுத்துச் செல்ல அவர்களுக்கு அனுமதி இருந்தது. அந்த ஒரு நாளுக்குள் ஏன் அவற்றை முழுமையாக நகலெடுக்கலாகாது? இந்த எண்ணத்திற்கு வித்திட்ட ஏனி ராய்முந்தோ மொரேரா என்னும் பெண் வழக்கறிஞர், முதுபெரும் சட்ட வல்லுநர் சோப்ரால் பிந்தோவிடம் பயின்றவர். ஆழ்ந்த கத்தோலிக்கரான சோப்ரால் பிந்தோ, 1930-களில் வதைபட்ட ஒரு பொதுவுடைமைக் கைதிக்காக வாதாடியபோது, மனிதனுக்குரிய சட்டங்கள் மறுக்கப்பட்டதால், விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சட்டத்தையாவது இவருக்குப் பொருத்துங்கள் என்று கேட்டவர்.

கர்தினால் ஆர்ன்ஸ் பொறுப்பேற்றார். ஜைமி ரைட் அவருக்குத் துணையானார். ரைட்டின் உடன்பிறந்தவர் 1973-இல் காணாமற்போனவர்களுள் ஒருவர். ஜெனீவாவிலுள்ள உலகக் கிறித்தவ சபைகள் மன்றம் மறைவாகப் பொருளுதவி செய்தது. நகலெடுக்கும் இயந்திரங்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டு, வாரத்தின் ஏழு நாள்களும் ஓடின. நகல்கள் சாவோ பாவுலோ சென்றன; நுண்படச் சுருள்களாகி வெளிநாட்டில் பத்திரப்படுத்தப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த இப்பணியை அரசு அறியவே இல்லை.

முடிவில் 707 வழக்குகளின் ஏறத்தாழ 10 இலட்சம் பக்கங்கள் சேர்ந்தன. குற்றம் சாட்டப்பட்டோர் 7,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 1,918 பேர், தாங்கள் வதைக்கப்பட்டதை இராணுவ நீதிபதிகளின் முன்னிலையிலேயே கூறியிருந்தனர். எழுத்தர்கள் அதைப் பதிவு செய்தனர். நீதிபதிகள் கேட்டுக்கொண்டு அடுத்த வழக்குக்குச் சென்றனர். ஆய்வாளர்கள் தங்களுக்கு ஒரு கடுமையான விதியை வகுத்துக்கொண்டனர்: நீதிமன்ற ஏட்டில் இல்லாத எதையும் ஆதாரமாகச் சேர்ப்பதில்லை. விடுதலையானவர்கள் பின்னர் சொன்ன கதைகளைச் சேர்த்திருந்தால், பகைவரின் கட்டுக்கதை என்று எளிதில் தள்ளியிருப்பார்கள். அரசின் முத்திரை பதிந்த தாளை அரசே எவ்வாறு மறுக்கும்? உணர்ச்சியை அடக்கி உண்மையை மட்டும் நிறுத்திய அந்தப் பொறுமையே நூலின் வலிமை ஆயிற்று. 1985 நவம்பரில், ஏடுகளில் சித்திரவதையாளர்களாகக் குறிக்கப்பட்ட 444 பேரின் பட்டியலும் வெளியிடப்பட்டது.

நீதி முழுமையாகக் கிடைத்ததா? இல்லை. பொது மன்னிப்புச் சட்டம் செல்லும் என்று 2010 ஏப்ரலில் பிரேசில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், கொடிய மீறல்களின் விசாரணைக்கு அச்சட்டம் தடையாக நிற்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2011-இல் நுண்படச் சுருள்கள் தாயகம் திரும்பின. 2013-இல் ஹெர்சோக்கின் இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டது. 2014-இல் தேசிய உண்மை ஆணையம் கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் என 434 பேரைப் பெயர் சொல்லிக் குறித்தது. கர்தினால் ஆர்ன்ஸ் 2016 டிசம்பர் 14 அன்று தமது 95-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இங்கே நம்மில் சிலர் கேட்கக்கூடும்: கிறித்தவர் மன்னிக்க வேண்டியவர் அல்லரா? பழைய புண்ணைக் கிளறுவது ஏன்? இக்கேள்வியை அன்று பிரேசிலிலும் கேட்டார்கள். மன்னிப்பு வேறு, மறதி வேறு. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்ட பின்னரே மன்னிப்பின் சொற்கள் ஒலிக்கின்றன. செய்தவர் செய்ததை ஒப்புக்கொள்ளாமல், பாதிக்கப்பட்டவரையும் கேளாமல், ஆட்சியாளர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு எவ்வகையில் மன்னிப்பாகும்? உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்கு அமைதியை வாழ்த்தாகக் கூறினார். கூறியவுடன் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். அவர் அமைதிக்காகக் காயத்தை மறைக்கவில்லை.

யூதாவின் அரசன் யோயாக்கிம், எரேமியாவின் ஏட்டுச்சுருளைத் துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலிட்டான். இறைவாக்கினர் மீண்டும் சொல்ல, பாரூக்கு மற்றொரு சுருளில் அனைத்தையும் எழுதினார். இறைவாக்கினரை நாம் போற்றுகிறோம். எழுதிய பாரூக்கை நினைப்பதில்லை. பிரசிலியாவில் இயந்திரத்தின் முன் நின்று பக்கம் பக்கமாக நகலெடுத்தவர்களும், தட்டச்சு செய்தவர்களும், கட்டுகளை நேரம் தவறாமல் திருப்பிக் கொடுத்தவர்களும் பாரூக்கின் வழிவந்தவர்களே. இப்பணியைச் செய்தவர்களுள் பொதுநிலையினர் பலர். மேடையேறிப் பேசும் வரம் எல்லாருக்கும் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தவாறே எழுதி வைப்பதும், எழுதியதைக் காப்பதும், அதிகாரத்திலிருப்போர் கணக்குச் சொல்லுமாறு பணிவோடும் உறுதியோடும் கேட்பதும் எந்தக் குடிமகனாலும் இயலும். கடவுளின் சாயலைத் தாங்கிய மனிதருக்கு நேர்ந்த தீங்கை ஏட்டிலிருந்து அழிய விடாமல் காப்பவர், அந்தச் சாயலுக்கே ஊழியம் செய்கிறார்.