நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை: ஏ.இசட்.டி. மருந்தின் கதை

ஒரு நோய்க்கு மருந்து வந்துவிட்டது என்றால் நோயாளியின் கவலை தீர்ந்தது என்றுதான் பலரும் எண்ணுவார்கள். எச்.ஐ.வி.க்கு வந்த முதல் மருந்தின் கதை அப்படி இல்லை. மருந்து வந்த பிறகு அமெரிக்க நோயாளிகளுக்கு வேறு வகைக் கவலைகள் ஆரம்பித்தன.

அந்த மருந்தின் பெயர் ஏ.இசட்.டி. 1964இல் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் புற்றுநோய்க்காக உருவாக்கியது. அதற்குப் பலன் தராததால் கிடப்பில் போட்டுவிட்டார்கள். எய்ட்ஸ் பரவியபோது பர்ரோஸ் வெல்கம் நிறுவனம் அதை மீண்டும் கையில் எடுத்தது. 1986இல் 282 நோயாளிகளிடம் சோதனை நடந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் கேப்சூல். யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். உயிர் ஊசலாடும்போது யார்தான் சும்மா இருப்பார்கள்? சிலர் கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்து ருசி பார்த்தார்கள். சிலர் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்தார்கள். கிடைத்ததை நண்பர்களோடு பங்கு போட்டுக்கொண்டவர்களும் உண்டு. செப்டம்பரில் கணக்குப் பார்த்தபோது வெறும் கேப்சூல் பிரிவில் 19 பேர் இறந்திருந்தார்கள். மருந்துப் பிரிவில் ஒரே ஒருவர். உடனே சோதனையை நிறுத்தினார்கள். 1987 மார்ச் 19 அன்று மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

இனிதான் கடிகாரத்தின் கதை. நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை இரண்டு கேப்சூல், நள்ளிரவிலும் எழுந்து விழுங்க வேண்டும். நாளொன்றுக்கு 12 கேப்சூல்! நேரம் தவறாமலிருக்க, 'பீப் பீப்' என்று ஒலிக்கும் சிறிய மாத்திரை டப்பாக்கள் வந்தன. தியேட்டரில், அலுவலகத்தில், விருந்தில் என எங்கிருந்தாலும் அது ஒலிக்கும். தூக்கம் கெடுவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சத்தம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் பெரிய பயம். எய்ட்ஸ் என்று தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் பறிபோன காலம் அது.

உடம்பும் ஒத்துழைக்கவில்லை. குமட்டல், தலைவலி, தசைவலி. அதைவிட மோசம் இரத்தசோகை. அந்த முதல் சோதனையிலேயே மருந்து சாப்பிட்டவர்களில் 21 சதவீதம் பேருக்குப் பலமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இந்தச் சோர்வு நோயாலா, மருந்தாலா? நோயாளிக்கே தெரியாது. விஷம் என்று சொல்லி நிறுத்தியவர்களும் இருந்தார்கள், இதை விட்டால் வேறு கதியில்லை என்று பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இரு தரப்பையும் முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது.

விலையோ ஆண்டுக்குச் சுமார் 8,000 டாலர். 1989 செப்டம்பர் 14 அன்று 'ஆக்ட் அப்' அமைப்பினர் நியூயார்க் பங்குச் சந்தைக்குள் புகுந்து, மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போராடினார்கள். சில நாட்களில் விலை 20 சதவீதம் குறைந்தது.

1990 ஜனவரியில் அளவையும் பாதியாகக் குறைத்தார்கள். பாதி அளவே அதே பலனைத் தருகிறது, தொல்லையும் குறைவு என்று புதிய ஆய்வுகள் காட்டியிருந்தன. அப்படியென்றால் மூன்று ஆண்டுகள் நள்ளிரவில் எழுந்து விழுங்கியதில் பாதி வீண்தானே? 1993இல் இன்னொரு அடி. ஐரோப்பாவில் நடந்த 'கான்கார்ட்' ஆய்வு, அறிகுறி வருமுன்பே ஏ.இசட்.டி.யை மட்டும் தொடங்குவதால் நிலைத்த பயன் இல்லை என்றது. தனி மருந்தை வைரஸ் விரைவில் ஏமாற்றிவிடுகிறது.

1996இல் கூட்டு மருந்துகள் வந்தபோது படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் கடிகாரம் விடவில்லை. இண்டினவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கல் வராமலிருக்க தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும்.

நாளுக்கு ஒரே மாத்திரை என்ற நிலை அமெரிக்காவில் 2006இல்தான் வந்தது. அட்ரிப்லா என்ற அந்த மாத்திரையைப் படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டால் போதும், நடு இரவில் எழ வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்த எஃபாவிரென்ஸ் பலருக்கு விசித்திரமான கனவுகளை வரவழைத்தது.