சீனிப்பாகும் சரித்திரமும்

கொட்டைப் பருப்பைச் சீனிப்பாகிலிட்டுக் கிளறி எடுக்கும் பண்டம் உலகின் பல நாடுகளிலும் உண்டு. பருப்பு வேறுபடும், பாகின் பதம் வேறுபடும், முறையோ பெரும்பாலும் ஒன்றே. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நியூ ஓர்லியன்ஸ் நகரின் 'பிரலீன்' இவ்வகைப் பண்டங்களுள் ஒன்று. வாயிலிட்டவுடன் கரைந்துபோகும் இச்சிறு வில்லையின் வரலாறு மூன்று கண்டங்களைத் தொட்டு நிற்கின்றது.

கரும்பு நியூகினித் தீவிலே முதன்முதல் பயிரிடப்பட்டதென்பர் அறிஞர். அதன் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தையில் இந்தியர் முற்காலத்திலேயே தேர்ச்சி பெற்றிருந்தனர். ஆங்கிலத்தில் இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் 'கண்டி' என்னும் சொல், பாரசீகம், அராபியம் ஆகிய மொழிகளின் வழியாகச் சென்ற வடமொழிச் சொல்லாகும். நாம் வழங்கும் கற்கண்டு என்ற சொல்லின் பிற்பாதியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அராபியர் வாயிலாக மத்தியதரைக் கடல் நாடுகளுக்குச் சென்ற சீனி, ஐரோப்பாவிலே நெடுங்காலம் மருந்து விற்போரிடத்துக் கிடைக்கும் அரும்பொருளாகவே இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டில் சேசார் என்னும் படைத்தளபதி ஒருவர் வாழ்ந்தார். அவர் 1598 இல் பிறந்து 1675 இல் மறைந்தவர். பிரலேன் என்பது அவர்தம் பட்டப் பெயர். அவருடைய சமையற்காரர் வாதுமைப் பருப்பைப் பாகிலிட்டு உருவாக்கிய பண்டமே தலைவரின் பெயரால் பிரலீன் எனப்பட்டதென்பது வழிவழி வந்த கதை. சமையலறைச் சிறுவன் ஒருவன் எஞ்சிய பாகிலே பருப்பைத் தோய்த்துத் தின்றதைக் கண்டே சமையற்காரர் இதைக் கற்றார் என்று கூறுவாரும் உளர். கதை எதுவாயினும், அடுப்பின் முன் நின்றவரை விட்டு, உணவு மேசையில் அமர்ந்தவரின் பெயரே பண்டத்துக்கு நிலைத்தது.

1718 இல் பிரெஞ்சுக்காரர் நியூ ஓர்லியன்ஸ் நகரை நிறுவினர். பிரலீனும் அவர்களுடன் அங்கே சென்று சேர்ந்தது. அந்நிலத்தில் வாதுமை எளிதிற் கிடைக்கவில்லை. பெக்கான் என்னும் கொட்டையோ ஆற்றங்கரைக் காடுகளில் நிறைய விளைந்தது. கல்லால் உடைக்கவேண்டிய கொட்டை என்னும் பொருளுடைய அப்பெயரும் அந்நாட்டுப் பழங்குடி மக்கள் வழங்கியதே. வாதுமையின் இடத்தைப் பெக்கான் பெற்றது. பாகிலே பாலாடையும் வெண்ணெயும் சேர்ந்தன.

இதனை வீட்டிலே செய்வோர் பாகின் பதத்தையே முதன்மையாகக் கருதுவர். கொதிக்கும் பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலாற் திரட்டினால் அது மெதுவான உருண்டையாக வரல் வேண்டும். அப்போது பாகின் வெப்பம் ஏறக்குறைய 115 பாகை செல்சியசாக இருக்கும். பருப்பைச் சேர்த்து இறக்கி, பாகு மங்கித் தடிக்கும்வரை கிளறி, சலவைக்கல்லின் மேல் கரண்டி கரண்டியாக ஊற்றுவர். கிளறுவதனாலேயே சீனி நுண்ணிய மணிகளாக உறைகின்றது. இப்பாகு கொதிநீரினும் வெப்பம் மிக்கது; தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

அந்தச் சூட்டை நாள்தோறும் அனுபவித்தோர் கரும்புத் தோட்டங்களிலே அடிமைகளாய் உழைத்த ஆபிரிக்க மக்களாவர். 1795 இல் எற்றியன் த போரே என்பவர் நியூ ஓர்லியன்ஸ் அருகே சீனியை மணியாக உறையவைத்து வெற்றி கண்டபின், லூசியானாவில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அடிமைகளின் தொகையும் பெருகிற்று. திறந்த கொப்பரைகளிற் கொதிக்கும் சாற்றை அவர்கள் நீண்ட அகப்பைகளால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினர். இக்கொடிய வேலையை நீக்கவல்ல பொறியை அமைத்து, 1843 இல் உரிமைப்பட்டயம் பெற்றவர் நோர்பேர் ரில்லியூ. வெள்ளைத் தந்தைக்கும் கலப்பினத் தாய்க்கும் சுதந்திர மனிதராய்ப் பிறந்தவர் அவர். ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் அவருடைய முறையை இன்றும் சீனி ஆலைகள் பின்பற்றுகின்றன.

பெக்கானின் வரலாற்றிலும் ஓர் அடிமையின் கை உண்டு. ஓக் அலி என்னும் தோட்டத்தில் அந்துவான் என்ற தோட்டக்காரர், 1846-47 மாரிக்காலத்திலே, சிறந்த பெக்கான் மரத்தின் கிளைகளை ஒட்டுக்கட்டுவதில் வெற்றி பெற்றார். 1848 இல் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலிலே அவரும் ஒரு பொருளாக, 1,000 டொலர் மதிப்புடன் குறிக்கப்பட்டார். அவருடைய மரத்தின் கொட்டைகள் 1876 இல் பிலடெல்பியாக் கண்காட்சியிலே பாராட்டுப் பெற்றன. அவ்வினத்துக்கு 'நூற்றாண்டு' என்னும் பொருள்படும் பெயர் இடப்பட்டது. அந்துவானின் முழுப்பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1865 இல் அரசியலமைப்புத் திருத்தத்தினால் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நகர வீதிகளில் கூடையுடன் அமர்ந்து பிரலீன் விற்றோர் கறுப்பினப் பெண்களே. தலையிற் துணி கட்டி, வீட்டடுப்பில் செய்த பண்டத்தை விற்று அவர்கள் குடும்பத்தைக் காத்தனர். சிலருக்கு விடுதலைக்குப்பின் தம் கையுழைப்பின் பயனைத் தாமே பெறுவதற்கு இவ்வியாபாரம் வழி வகுத்தது. பிற்காலத்திலே கடைகள் அவர்களது உருவத்தை விற்பனைப் பெட்டிகளில் வரைந்தன. பெட்டிகளிலே உருவம் இருந்தது, பெயர் இல்லை.

ஆக, ஒரு தளபதியின் பட்டப் பெயரைச் சுமந்துவரும் இப்பண்டத்தை உண்மையில் ஆக்கி வளர்த்தோர் வேறு பலர். கரும்பு வெட்டியோர், கொப்பரையில் வெந்தோர், மரத்தை ஒட்டியவர், கூடை சுமந்த பெண்கள் ஆகியோரின் பங்கையும் உடன்வைத்து எழுதும்போதே பிரலீனின் வரலாறு நிறைவுறும். நாம் விரும்பியுண்ணும் பிற பண்டங்களின் வரலாற்றையும் இவ்வாறே ஆராய்தல் தகும்.