கேட்டுவிட்டுக் கொடுக்கும் கரண்ட்

கறுப்பு டெலிபோன் காலத்து ஆசாமிகளுக்கு ஞாபகம் இருக்கும். தெருவே இருட்டில் கிடக்கும். ஃபேன் நின்றுபோயிருக்கும். போன் மட்டும் கணீரென்று அடிக்கும். மாயமெல்லாம் இல்லை. எக்சேஞ்சில் அடுக்கிவைத்த பேட்டரிகள், பேச்சு போகிற அதே செம்புக் கம்பியில் 48 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தன.

1990களின் கடைசியில் ஆபீஸ்களுக்குள் இன்டர்நெட் போன் நுழைந்தது. இந்தச் சௌகரியம் போச்சு! பேச்சு நெட்வொர்க் கேபிளில் வந்தது. கரண்டுக்கு மேஜைக்கு மேஜை தனி அடாப்டர். அப்புறம் என்ன, பழைய யோசனையையே தூசி தட்டினார்கள். நெட்வொர்க் ஸ்விட்ச்சே கரண்டும் தரட்டுமே? 2000ல் சிஸ்கோ தன் சொந்த முறையில் செய்து காட்டியது.

இங்கேதான் சிக்கல். டெலிபோன் கம்பியின் மறுமுனையில் டெலிபோன்தான் இருக்கும். ஈதர்நெட் கேபிளின் மறுமுனையில் கம்ப்யூட்டர் இருக்கலாம், பிரிண்டர் இருக்கலாம். கரண்டை எதிர்பார்க்காத கருவிக்குள் 48 வோல்ட்டைத் திணித்தால் கதை கந்தல்.

2003ல் ஐ.இ.இ.இ. அமைப்பு வெளியிட்ட 802.3ஏஎஃப் என்கிற தரவிதி இதற்கு ஓர் அழகான வழி சொன்னது. (பெயரைத்தான் கொஞ்சம் அழகாக வைத்திருக்கலாம்.) ஸ்விட்ச் முதலில் சுமார் 3 முதல் 10 வோல்ட் வரை மெலிதாக அனுப்பிப் பார்க்கும். அந்தப் பக்கம் ஏறக்குறைய 25 ஆயிரம் ஓம் மின்தடை தென்பட்டால், 'நம்மாள்தான்' என்று அர்த்தம். பிறகுதான் முழு மின்சாரம். இல்லையென்றால் டேட்டா மட்டும். கேபிளைப் பிடுங்கினால் அரை விநாடிக்குள் சப்ளை கட்.

பயப்பட வேண்டியது கேட்காமல் கொடுக்கிறவர்களுக்குத்தான். 'பேசிவ் இன்ஜெக்டர்' என்று மலிவாகக் கிடைக்கும் டப்பாக்கள் எந்த விசாரணையும் இல்லாமல் 24 அல்லது 48 வோல்ட்டைத் தள்ளிவிடும். அதற்கென்றே செய்த கருவிக்குச் சரி. அந்த ஒயரைத் தெரியாமல் லேப்டாப்பில் செருகினால்? வாங்குமுன் டப்பாவில் 802.3 என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

பசியும் வளர்ந்துவிட்டது. 2003ல் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். 2009ல் 30. 2018ல் 90. ஸ்விட்ச்சில் 24 துளை இருப்பதால் எல்லாவற்றுக்கும் முழு வாட் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 15.4 வீதம் கணக்குப் போட்டாலே சுமார் 370 வாட் ஆகிறது. மொத்தம் எவ்வளவு தரும் என்பதை ஸ்விட்ச்சின் விவரத்தாளில் பார்த்துவிட்டு கேமராக்களை மாட்டுங்கள்.

அதிக வாட் ஓடினால் கேபிள் சூடாகும். இறுக்கிக் கட்டிய கத்தையின் நடுவே இன்னும் அதிகம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் என்றால் கேட்கவே வேண்டாம், அதற்கு மின்தடை கூடுதல். கடையில் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் வேறு கடைக்கு நடையைக் கட்டுங்கள்.