எச்.ஐ.வியும் மனவடுவும் ஒரே உடலில்: ருவாண்டாப் பெண்களின் சிகிச்சை அனுபவம்

எங்கள் வாசகர்களுக்கு மனவடு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. எச்.ஐ.வி என்ற சொல்லைத்தான் இன்னமும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் எதற்கு முதலில் சிகிச்சை அளிப்பது? உளவளத்துணைப் பணியில் இருக்கும் என்னிடம் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் ருவாண்டாவைத்தான் உதாரணம் காட்டுவேன்.

அங்கு 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்கள் நீடித்த இனப்படுகொலையில் பாலியல் வல்லுறவு ஓர் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டது. 250,000 முதல் 500,000 வரையான பெண்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரெனே டெக்னி-செகி 1996 இல் மதிப்பிட்டார். உயிர் தப்பியவர்களில் பலருக்கு எச்.ஐ.வி தொற்றியிருந்தது. 1998 செப்ரெம்பரில், அருஷாவில் இயங்கிய சர்வதேசத் தீர்ப்பாயம் அக்காயேசு வழக்கில் பாலியல் வல்லுறவும் இனப்படுகொலைச் செயலாக அமையலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பாயத்தின் தடுப்பில் இருந்தவர்களுக்கு எச்.ஐ.வி மருந்து கிடைத்துக்கொண்டிருந்தபோது, சாட்சி சொன்ன பெண்கள் மருந்தில்லாமல் ஊரில் இறந்துகொண்டிருந்தார்கள். நீதி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

தலைநகர் கிகாலியில் 2005 இல் தொடங்கிய ஓர் ஆய்வில் எச்.ஐ.வி தொற்றுள்ள 710 பெண்களும் தொற்றில்லாத 226 பெண்களும் சேர்க்கப்பட்டனர். மருத்துவர் மார்ஜ் கோஹெனும் குழுவினரும் அதை நடத்தினார்கள். நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் தொற்றுள்ளவர்களில் 58 வீதத்தினரிடமும் தொற்றில்லாதவர்களில் 66 வீதத்தினரிடமும் காணப்பட்டன. எண்களைக் கவனியுங்கள். மனவடுவைத் தந்தது கிருமி அல்ல, அந்த நூறு நாட்கள். மனச்சோர்வு மட்டும் தொற்றுள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தது. மருந்தும் தொடர்ச்சியான பராமரிப்பும் கிடைத்த பின், பதினெட்டு மாத அளவில் மனவடு அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. மனச்சோர்வு அவ்வளவு எளிதில் விலகவில்லை.

மனவடு எச்.ஐ.வி சிகிச்சையை எப்படிக் குழப்புகிறது? நினைவூட்டும் எதையும் தவிர்ப்பதே மனவடுவின் முக்கிய குணம். வல்லுறவினால் தொற்று வந்தவருக்குத் தினமும் விழுங்கும் குளிசையே அந்த நாளை நினைவூட்டும். ஆகவே ஒரு நாள் விடுபடும், பிறகு ஒரு வாரம். கிளினிக் திகதியும் தவறும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது அலட்சியம். உண்மையில் அது பயம். குளிசை அடிக்கடி தவறினால் கிருமி மருந்துக்கு எதிர்ப்புப் பெறும். உடற்பரிசோதனையும் அப்படியே. ஆடையை விலக்கச் சொல்வது, பின்னால் நின்று தொடுவது, கதவைப் பூட்டுவது என ஒவ்வொன்றும் பழைய அறைக்குள் தள்ளிவிடலாம். தொடுவதற்கு முன் சொல்லி அனுமதி கேட்பதும், விரும்பினால் பெண் மருத்துவரை ஏற்பாடு செய்வதும் சிகிச்சையின் பகுதியே.

ருவாண்டாவில் இஹாஹாமுகா என்றொரு சொல் உண்டு. மூச்சே அற்றுப்போவது போன்ற நிலை என்று பொருள்படும். ஒவ்வோர் ஏப்ரலிலும் நினைவுகூரல் நாட்களில் பலர் அப்படி விழுவார்கள். எங்கள் மே மாதத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரங்களில் குளிசையும் சந்திப்பும் தவறாமல் இருக்க முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

உளச்சிகிச்சைகளில் நான் அதிகம் பயன்படுத்துவது கதைகூறல் வெளிப்பாட்டுச் சிகிச்சை. கயிறு ஒன்றை நிலத்தில் விரித்து அதையே வாழ்க்கைக்கோடாகக் கொள்வோம். நல்ல நிகழ்வுகளுக்குப் பூ, கொடியவற்றுக்குக் கல். பிறகு பிறப்பிலிருந்து இன்றுவரை வரிசையாகக் கதை சொல்லவைத்து, ஒவ்வொரு கல்லிலும் நிதானமாக நிற்போம். சிதறிக் கிடக்கும் நினைவுக்கு இடமும் காலமும் கிடைக்கின்றன. எச்.ஐ.வியுடன் வாழ்பவருக்கு இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்ட நாளும் ஒரு கல்தான். சிலருக்கு வன்முறையை விடப் பெரிய கல்லாக அது இருக்கும்.

உகண்டாவின் நக்கிவாலே முகாமில் ருவாண்டா, சோமாலிய அகதிகளிடம் இதைப் பரிசோதித்தார்கள். சிகிச்சை அளித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்றப்பட்ட அகதிகளே. பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அங்கு வழங்கிய நெகிழ்வான உளவளத்துணையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எமது வடகிழக்கில் தமிழ்ச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்விலும், சிறுவர்களுக்கென அமைத்த கதைகூறல் முறையும் தியானத்தோடு சேர்ந்த தளர்வுப் பயிற்சியும் சமமாக உதவின. ஒரே முறைதான் சரி என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை.

மருந்துகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நீண்டகாலம் பரவலாகக் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் கொடுங்கனவையும் தூக்கக் குழப்பத்தையும் தரக்கூடியது. போர்க்கனவு என்று நினைத்தது மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதல்நிலை மருந்தாக டொலுடெக்ராவிரைப் பரிந்துரைக்கிறது. அதுவும் சிலரின் தூக்கத்தைக் கெடுக்கும், காலையில் எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். தூக்கக் குளிசைகளில் சில, ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்துகளுடன் ஆபத்தான அளவுக்கு இரத்தத்தில் கூடிவிடும். செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரை எச்.ஐ.வி மருந்தின் செறிவையே குறைத்துவிடும். உளநல மருத்துவருக்கு எச்.ஐ.வி மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் பாலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. இதைச் சொல்லும்போது முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். தன்னையே அழுக்காக எண்ணியிருந்தவருக்கு இந்த மருத்துவத் தகவல் பல அமர்வுகளின் வேலையைச் செய்கிறது.

இலங்கையில் தொற்றுவீதம் மிகக் குறைவு. எச்.ஐ.வி மருந்துகள் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. விபரம் இரகசியமாகவே பேணப்பட வேண்டும். உளநலப் பிரிவுக்குத் தனியாகப் போகத் தயங்குபவர்கள் அந்த நிலைய மருத்துவரிடமே தூக்கமின்மை, திடுக்கிடல், கனவு பற்றிச் சொல்லி ஆற்றுப்படுத்தல் கேட்கலாம். கனவுத் தொல்லையால் குளிசையை மட்டும் தாமாக நிறுத்தவேண்டாம்.